முன்னறை முதலாளி

இனிமேல் என் தலைக்கு மேலே மின்விசிறியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். அதுவரை ஒரு மேனேஜர் இருந்தார்.

நான் பார்த்த வேலை என்ன என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மிக்ஸியோ ஹீட்டரோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, 'உபயோகிக்கும் முறை' என்று. நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரண்மேல் போடுவீர்களே, அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான். அதை எழுதிக் கொடுப்பதற்கென்றே இருக்கிற ஒரு கம்பெனியில் எழுத்துப் பிரிவுத் தலைவராக இருந்தேன். பிரிவில் நான் ஒருவன்தான். ஆகவே தலைவன், தொண்டன், போராட்டம் நடத்துகிறவன், அதை அடக்குகிறவன் எல்லாம் நானே.

நான் எழுதுவேன். மேனேஜர் அடிப்பார். என்னை இல்லை, எழுத்தைத்தான். ஆனால் வீங்குவது என் முகம். அந்த வெள்ளிக்கிழமை, 'இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும்போது அதைத் தொடக் கூடாது' என்று எழுதியிருந்தேன். 'தொடாமல் எப்படி இஸ்திரி போடுவது?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். பக்கத்து மேஜைக்காரர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். சத்தத்தோடு சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் அவர் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டுட்டேன்" என்றேன்.

"எங்க விட்டீங்க?"

"எங்கயா? வேலையைச் சொல்றேன்."

"குடையை விட்டுட்டு வருவீங்க. சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டு வருவீங்க. அந்த மாதிரியோன்னு நினைச்சேன். எதுக்கு விட்டீங்க?"

இஸ்திரிப் பெட்டி விவகாரத்தைச் சொன்னேன். ஒரு போர்வையை நாலாக மடித்துக்கொண்டே கேட்டாள். "'கைப்பிடியை மட்டும் பிடிக்கவும்'னு எழுதியிருக்கலாமே" என்றாள்.

"அதுவா முக்கியம்? இது மானப் பிரச்சினை. இனிமே சொந்தத் தொழில். இதே வேலையை நானே நேரா கம்பெனிகளுக்கு எழுதிக் குடுக்கப் போறேன். வீட்டிலிருந்தே வேலை."

"வீட்டு வேலையா?"

"வீட்டு வேலை இல்ல. வீட்டில் இருந்தே வேலை."

"நடுவுல ஒரு 'இருந்தே'தான? அது எப்ப வேணா உதிர்ந்துடும்."

நான் பஸ்ஸில் வரும்போதே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மாதச் செலவு எப்படி, பெண்ணின் படிப்பு எப்படி, ஊர் என்ன சொல்லும், உங்க அப்பா என்ன சொல்லுவார். ஒன்றையுமே அவள் கேட்கவில்லை. அவள் கேட்டவை வேறு.

"வீட்டுலயேதான் இருப்பீங்களா?"

"ஆமா."

"காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும்?"

"ஆமா."

"தினமும்?"

"தினமும்."

"நடுவுல எங்கயும் வெளிய போக வேண்டியிருக்காது?"

"எல்லாம் போன்லயும் கம்ப்யூட்டர்லயும்தான். ஒரு இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அவள் சிரித்தாள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. "செய்யுங்க" என்றாள்.

அன்பு என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த இடத்தில் உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் மாடியில் ஓர் அறை உண்டு. ஜன்னலைத் திறந்தால் காற்று. மூடினால் இருட்டு. உள்ளே தாழ்ப்பாள். ஓரத்தில் பழைய கட்டில். அங்கே இருந்தால் வாசல் மணி காதில் விழாது, சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பாதிப் படியிலேயே சத்தம் செத்துவிடும். அங்கே ஆபீஸ் போடுவது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்ணை மூடிச் சிந்திப்பது. அந்த மாதிரிச் சிந்தனைக்குத் தூக்கம் என்று பெயர் வைத்திருப்பது உலகத்தின் பொறாமை.

மறுநாள் காலை மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஆபீசை மாடி ரூம்ல போட்டுடலாம்னு பாக்கறேன். உனக்கும் தொந்தரவு இருக்காது."

"தாராளமா. ஆனா கம்பெனிக்காரங்க வந்தா எப்படி மேல வருவாங்க?"

"படியேறித்தான்."

"கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, துணி காயப்போட்டிருக்கிற கொடியைத் தாண்டி. உங்க கம்பெனியைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க பனியனைப் பாத்துடுவாங்க."

"பனியனை எடுத்துடலாம்."

"எடுத்தா நீங்க என்ன போட்டுக்குவீங்க? இருக்கிறதே ரெண்டு. ரெண்டுலயும் ஜன்னல்."

நான் குனிந்து என் பனியனைப் பார்த்தேன். அப்போது அவள் சொன்னாள்: "முன்னறையை எடுத்துக்கங்க."

எனக்குக் காது அடைத்தது. முன்னறை அவளுடைய ராஜ்ஜியம். அவள் தேர்ந்தெடுத்த திரைச்சீலை, அவள் தேர்ந்தெடுத்த சோபா. யாராவது விருந்தாளி வந்தால்தான் எனக்கே அந்தச் சோபாவில் உட்கார அனுமதி. விருந்தாளி எழுந்தால் நானும் எழுந்துவிட வேண்டும். அந்த அறையை, நான் கேட்காமலே, தூக்கிக் கொடுக்கிறாள்.

கட்டிலும் தாழ்ப்பாளும் கண்முன்னே கரைந்து போயின. ஆனால் முன்னறை கிடைக்கிறபோது எந்த மடையன் மாடியறையைக் கேட்பான்? சரி என்றேன்.

செய்தியைச் சொல்ல அடுத்த வீட்டு வக்கீலிடம் போனேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல எதிர்ப்பு எப்படி?" என்றார்.

"எதிர்ப்பே இல்ல சார்."

"ஒரு ஆட்சேபணைகூட?"

"இல்ல."

"முன்னறையை நீங்க கேட்டீங்களா, அவங்களே குடுத்தாங்களா?"

"அவங்களே குடுத்தாங்க."

வக்கீல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "சார், கோர்ட்ல நான் பாத்த வரைக்கும், எதிர்த்தரப்பு எல்லாத்துக்கும் சம்மதிச்சா உடனே சந்தோஷப்படக் கூடாது. நம்ம மனுவை நாமளே இன்னொரு தடவை படிச்சுப் பாக்கணும்."

"இது வழக்கு இல்ல சார். அன்பு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். 'பெரிய ஆபீஸா கட்டிக்கலாமே'ன்னு எங்க வீட்டுலயும் அன்பாத்தான் சொன்னாங்க. கட்டினேன். இப்ப அதுல அவங்க பாட்டு கிளாஸ் எடுக்கறாங்க. நான் கார் ஷெட்ல கட்சிக்காரங்களைப் பாக்கறேன். காரு தெருவுல நிக்குது."

அவர் ராசி அப்படி. எல்லாருக்குமா அப்படி இருக்கும் என்று திரும்பி வந்தேன்.

மேனேஜர் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று இரண்டு நாள் போனை அணைத்தே வைத்திருந்தேன். பிறகு நாற்காலி வாங்க இருவரும் போனோம். கடைக்காரர் ஒரு சுழல் நாற்காலியைத் தட்டிக் காட்டி, "முதுகெலும்புக்கு ரொம்ப நல்லது சார்" என்றார்.

"அது இவருக்கு இருக்கான்னு முதல்ல பாருங்க" என்றாள் மனைவி.

நான் ஏதோ ஒரு மர நாற்காலியோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. ஒவ்வொன்றிலும் என்னை உட்காரவைத்தாள், சாய்த்தாள், சுற்றிவிட்டாள். தலை வைக்க ஒரு மெத்தை, கால் வைக்க ஒரு பலகை, கை வைக்க இரண்டு திண்டு, அடியில் ஐந்து சக்கரம் என்று ஒன்று இருந்தது. அதைப் பார்த்தால் நாற்காலி என்றே சொல்ல முடியாது. நாலு கால் இருந்தால்தானே நாற்காலி?

"இதுல உக்காந்தா எழுந்திருக்கத் தோணுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"தோணவே தோணாதும்மா."

"நாள் முழுக்க உக்காரலாமா?"

"சாப்பாடு மட்டும் குடுத்தாப் போதும்மா. அங்கயே கிடப்பாரு."

"அப்ப இதையே போடுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முதுகைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் பேசியதில்லை. பின்னால் பேசியிருக்கிறார்கள்.

மேஜையை எங்கே போடுவது என்று அடுத்த கேள்வி. சுவரைப் பார்த்துப் போடலாம், கவனம் சிதறாது என்றேன்.

"சுவத்தப் பாத்து உக்காந்தா எழுத்தும் சுவர் மாதிரிதான் வரும். ஜன்னல் பக்கம் போடுங்க. வாசல் கேட்டு தெரியும். யார் வர்றாங்க, யார் போறாங்க எல்லாம் உக்காந்த இடத்துலேர்ந்தே பாக்கலாம்."

ஜன்னல் பக்கம் போட்டோம். எலக்ட்ரீஷியன் வந்தார். கூடத்தில் இருந்த வாசல் மணியைக் கழற்றி, முன்னறையில், என் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். மின்விசிறிக்குத் துணையாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"இது எதுக்கு இங்க?"

"கம்பெனிக்காரங்க வந்து அடிச்சா உங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

அதுவும் நியாயம். வாசல் கதவு ஓரமாக ஓர் அலமாரி வைத்தாள். பார்சல், தபால் வந்தால் வைக்கலாம். மின்சாரக் கெட்டில் ஒன்று வைத்தாள், தேநீருக்காக நான் எழுந்து அலையக் கூடாது. என் வசதிக்காக அவள் யோசித்து யோசித்து இளைத்தே போய்விட்டாள். கடைசியில் ஒன்று செய்தாள்.

"எங்கெல்லாம் என் போன் நம்பர் குடுத்திருக்கோமோ, அங்கெல்லாம் உங்க நம்பரை மாத்திட்டேன். கேஸ், தண்ணி கேன், ஸ்கூல், டைலர் எல்லாருக்கும்."

"எதுக்கு?"

"தொழில் பண்றவர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கணுங்க. அப்பத்தான் ஒரு மதிப்பு."

நான் தலையாட்டினேன். இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் அவள் நாலைந்து முறை வெளியே போய்வந்தாள். புது ஜாக்கெட்டுகள் தைக்கக் கொடுத்தாள். கைப்பை வாங்கினாள். சாதாரணமாக வீட்டு வாசலைத் தாண்டாதவளுக்கு எதற்குக் கைப்பை என்று கேட்டேன்.

"உங்க ஆபீசுக்கு நாலு பேர் வரப்போறாங்க. நான் மட்டும் பழசாவே இருக்கணுமா?"

எனக்காக அவள் தன்னையும் புதுப்பித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஒரு மனிதன் எவ்வளவு தூரம் பெருமைப்படலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தால், அந்த வாரம் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன்.

திங்கட்கிழமை திறப்பு விழா. காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டேன். இடுப்புக்குக் கீழே கைலி. கம்ப்யூட்டரில் பேசினால் பாதி ஆள்தான் தெரியும். தெரிகிற பாதிக்கு மட்டும் ஆபீஸ் போதும். நாற்காலியில் சாய்ந்தேன். அது என்னை முழுதாக வாங்கிக்கொண்டது. காலைத் தூக்கிப் பலகையில் வைத்தேன். இந்த உலகத்தில் எனக்கு மேலே யாரும் இல்லை.

அறை வாசலில் மனைவி வந்து நின்றாள். கஞ்சி போட்ட புடவை, புது ஜாக்கெட், தோளில் புதுக் கைப்பை.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆபீசுக்கு."

"இதோ இங்கதான இருக்கு ஆபீஸ்."

"இது உங்க ஆபீஸ். நான் என் ஆபீசுக்குப் போறேன். வேலை கிடைச்சிருக்கு. இன்னிக்குத்தான் சேரணும்."

நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது. சக்கரம்தானே.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க வேலையை விட்டப்ப எங்கிட்ட சொன்னீங்களா?"

"விட்டுட்டு வந்து சொன்னேன்ல?"

"நானும் சேந்துட்டு வந்து சொல்றேன்."

"என்ன வேலை? எங்க?"

"சாயந்தரம் வந்து விவரமா சொல்றேங்க. பஸ் போயிடும்."

"அப்ப வீட்டை யாரு பாத்துக்கறது?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மேலே மணியைப் பார்த்தாள். கதவோரத்து அலமாரியைப் பார்த்தாள். கடைசியாக நாற்காலியையும் அதில் இருந்த என்னையும் பார்த்தாள்.

"நீங்கதான் இங்க இவ்ளோ வசதியா உக்காந்திருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் கேட்டு சாத்துவது நன்றாகத் தெரிந்தது. மேஜையை ஜன்னல் பக்கம் போட்டிருந்தோம் அல்லவா.

என் கம்பெனியின் வெப்சைட்டுக்கு ஒரு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'எங்களைப் பற்றி' என்று தட்டினேன். தலைக்கு மேலே மணி அடித்தது. தண்ணீர் கேன்காரர். கேனை வாங்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். அதை உருட்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டேன். 'எங்களைப் பற்றி' என்று இருந்ததைப் பார்த்தேன். எங்களைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றும் தோன்றவில்லை. மணி அடித்தது. ஒரு பார்சல்காரர், நாலு வீட்டுப் பெயர் எழுதிய நாலு பெட்டிகளோடு.

"இதெல்லாம் எங்களுது இல்லையே."

"தெரியும் சார். இந்தத் தெருவுல பகல்ல எப்ப மணி அடிச்சாலும் கதவு திறக்கிற வீடு இதுதான்னு மேடம் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. சாயந்தரம் அவங்கவங்க வந்து வாங்கிக்குவாங்க."

அலமாரி நிரம்பியது. போன் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து: பெண்ணுக்குப் படம் வரைகிற தாள் தீர்ந்துவிட்டது. டைலரிடமிருந்து: மூன்றாவது ஜாக்கெட்டுக்குக் கழுத்து வட்டமா, சதுரமா? எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. வட்டம் என்றேன். தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்கும் என்னைத்தான் கேட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

ஒரு மணிக்கு மாமியார்.

"மாப்பிள்ளை, இனிமே நீங்க பகல்லயும் வீட்டுலதான் இருப்பீங்களாமே."

"ஆமாங்க அத்தை. கொஞ்சம் வேலையா..."

"இருக்கட்டும் இருக்கட்டும். நான் பேசறேன், நீங்க வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க. எனக்கும் பகல்ல பேச ஆளே இல்ல. அவ வேற எப்பப் பாத்தாலும் 'அப்புறம் பேசறேம்மா'ன்னு வச்சுடுவா. இப்பத்தான் 'அவர்கிட்ட பேசும்மா, அவருக்கும் பொழுது போகணும்'னு நம்பர் குடுத்தா."

அவர் தன் முழங்காலில் ஆரம்பித்தார். தோள்பட்டைக்கு வருவதற்குள் என் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கண்ணை மூடிச் சிந்திக்கிற நேரமும் போனது. எழுந்திருக்கத் தோன்றாத நாற்காலி என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஆனாலும் எழுந்துகொண்டே இருந்தேன்.

நடுவில் வக்கீல் தன் பெட்டியை வாங்கிக்கொள்ள வந்தார். அலமாரியையும் மணியையும் என் கைலியையும் பார்த்தார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுபடி போன் அடித்தபோது எரிச்சலோடு எடுத்தேன்.

"கழுத்து எப்படி வேணா இருக்கட்டும்ங்க" என்றேன்.

"சார், நான்தான் பேசறேன்."

பழைய மேனேஜர். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே வாரம். அதற்குள் என் அருமை தெரிந்துவிட்டது. கெஞ்சுவார். மறுத்துவிட வேண்டும். உடனே இல்லை, கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டு.

"தொழில் எப்படி சார் போகுது?"

"மூச்சு விட நேரமில்ல சார். ஒரு நிமிஷம் உக்கார முடியல." சத்தியமான வார்த்தை.

"ரொம்ப சந்தோஷம். எங்க வேலையில கொஞ்சத்தை வெளிய குடுக்கலாம்னு இருக்கோம். ஒரு வாஷிங் மெஷினுக்குப் புத்தகம் வேணும். உங்களுக்குத்தான் குடுக்கணும்னு எங்க புதுப் பிரிவுத் தலைவர் சொல்றாங்க."

"என் இடத்துக்கு ஆள் போட்டுட்டீங்களா?"

"இன்னிக்குக் காலைலதான் சேந்தாங்க. பயங்கரமான ஆளு சார். நான் எழுதினதையே நாலு இடத்துல அடிச்சுட்டாங்க."

அந்த நிமிஷம் என் மனதில் தேன் வழிந்தது. இவரையும் அடிக்க உலகத்தில் ஓர் ஆள் பிறந்திருக்கிறார். அதோடு என் தொழிலுக்கு முதல் வேலை. அதுவும் தானாக வந்து வாசலில் நிற்கிறது.

"பேசறீங்களா? பக்கத்துலதான் இருக்காங்க."

என்னை அறியாமல் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வணக்கம் மேடம். எங்க நிறுவனத்து மேல நம்பிக்கை வச்சதுக்கு ரொம்ப நன்றி."

"வணக்கம். உங்க நிறுவனத்துல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். காலையில்தான் அது பஸ் போயிடும் என்று சொல்லிவிட்டுப் போனது.

"நீயா?"

"'நீங்க'ன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கு."

"நீ... நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"ஒரு நிமிஷம்" என்றாள். டக் என்று ஒரு சத்தம். குரல் தணிந்து, வீட்டுக் குரலாக மாறியது. "நீங்க ரோஷத்துல போனை அணைச்சு வச்சிருந்தீங்கல்ல, அன்னிக்கு உங்க சார் எனக்குப் பண்ணாரு. உங்களைத் திரும்ப வரச் சொல்லத்தான். நீங்க நாற்காலி வாங்கப்போற சந்தோஷத்துல இருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. அதான் அவர் வேலையும் நிக்கக் கூடாதுன்னு நானே வந்து பேசினேன். எழுதச் சொன்னாரு. எழுதிக் காட்டினேன். சரின்னுட்டாரு."

"அப்ப அந்த முன்னறை, மணி, அலமாரி..."

"நீங்க வசதியா இருந்தாத்தானே எனக்கு நிம்மதி?"

மறுபடி டக். ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

"மெஷின் விவரம், படம் எல்லாம் நாளைக்குக் காலைல ரெடியா இருக்கும். நேர்ல வந்து வாங்கிக்கங்க."

நான் யோசித்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். வாசல் மணிக்கு யார் பதில் சொல்வது? ஒரு முதலாளியாகவும் ஒரு கணவனாகவும் என்னால் முடிந்த அளவு பணிவோடு கேட்டேன்.

"மேடம், எப்படியும் சாயந்தரம் இங்கதான வரப்போறீங்க. வரும்போது அதைக் கையோட கொண்டு வந்துட்டா எனக்கு உதவியா இருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும்" என்றாள் என் மனைவி. "ஆபீஸ் வேலையை நான் வீட்டுக்குக் கொண்டு வர்றது இல்ல."